இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

மெகெலன் நகர விளையாட்டரங்கு.
நவம்பர் ஞாயிறு. நனைந்த கோட்டுகளும்
வாஃபிள் சுடும் வெண்ணெயும்
ஒரே வாசனையாகிவிட்ட காலை.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மடக்கு மேசைகள்,
மேசைகளின் மேல் எப்போதோ முடிந்துபோன போர்கள்.

யோஸ்ட் டொலனேர் விற்க வைத்திருந்தது
ஒரு முழு ஆஸ்திரியச் சேனை.
ஏழாண்டுப் போர்க் காலத்தவர்கள்.
மூன்று பிஸ்கட் டப்பாக்களில் அடங்கிவிட்டார்கள்.
ஆள் ஒவ்வொருவனும் சுண்டுவிரலில் பாதி,
வெள்ளைச் சட்டை, சிவப்பு மடிப்பு,
பொத்தானுக்குப் பொத்தான் ஊசிமுனை மஞ்சள்.

"வெள்ளைதான் கஷ்டம்" என்றார்.
"கறுப்பு பிசகினால் நிழல் என்று சமாளிக்கலாம்.
வெள்ளை பிசகினால்
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி."

எனக்குப் பூச வராது.
ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில்
கண்டெய்னர் எண் சரிபார்க்கிறவன் நான்.
முன்பொரு முறை எட்டுக் குதிரைவீரர்களை வாங்கி
ஒருவனுக்கு மட்டும் முகம் வரைந்தேன்.
பல்வலிக்காரனாக வந்து நின்றான்.
மற்ற ஏழு பேர் இழுப்பறைக்குள்
சாம்பல் நிறத்தில் காத்திருக்கிறார்கள்,
தங்களுக்கும் அதே கதிதான் என்று தெரியாமல்.

"அறுநூற்று நாற்பது" என்றார்.
"ஐநூறு" என்றேன். வாய்ப் பழக்கம்.
ஐநூற்று எண்பதில் கைகுலுக்கினோம்.
அவர் கை சற்றுத் தாமதமாக விலகியது.

கார் நிறுத்துமிடம் வரை மனசு கணக்குப் போட்டது,
அதற்கு ஞாயிறு திங்கள் கிடையாது:
ஆளுக்கு நாற்பது நிமிடம் என்றாலும்
நூற்று நாற்பத்தொரு மணி நேரம்.
மணிக்கு நான்கு யூரோவும் சில்லறையும்.
எங்கள் வீட்டு ஜன்னல் துடைக்க வருகிறவர்
அந்தக் கூலிக்கு வாளியைத் தொடமாட்டார்.
அந்த அறுபது யூரோவை
எதற்காகக் குறைத்தேன்?

"எத்தனை?" என்று கேட்டாள் கோட்லீவ்.
"கொஞ்சம்" என்றேன்.

அவள் தூங்கப் போனதும்
காந்தத் தாளைக் கத்தரித்து
ஒவ்வொருவன் காலடியிலும் ஒட்டத் தொடங்கினேன்.
தகர டப்பாவில் கவ்விக்கொண்டு நிற்பார்கள்;
வண்டி குலுங்கினாலும் துப்பாக்கி வளையாது.
முதல் பட்டாளம் முடிந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

காலடியில், பென்சிலில், எறும்பு எழுத்து:

மார்ச் 9. மழை.
மார்ச் 11. வெள்ளை தீர்ந்தது. கடை மூடல்.
ஏப்ரல் 2. வேலை போயிற்று. மூன்று பேர்.
ஏப்ரல் 3. பதினொரு பேர்.
ஏப்ரல் 4. பதினான்கு.
முரசடிப்பவனுக்குக் கீழே:
மாரைக்கேவுக்குக் கல்யாணம். எனக்குக் கடிதம் இல்லை.
கொடி பிடித்தவனுக்குக் கீழே
தேதி மட்டும், இரண்டு தரம் அடிக்கோடிட்டு.

ஒட்டியதில் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன்.
பசையோடு எழுத்தும் வந்துவிட்டது,
இடவலம் மாறி, பாதி வார்த்தையாக.
மிச்சத்தைத் தொடவில்லை.
இரண்டு பட்டாளங்கள் வாய் மூடியும்
மற்றவர்கள் திறந்தும் இருக்கிறார்கள்.

வியாழன் மாலை, எவ்ரார் வீட்டு மாடியில்
அவனுடைய நீலப் பிரஷ்யர்களுக்கு எதிரே
முதல் சண்டை.
புதுச் சேனை முதல் சண்டையில் தோற்கும் என்பது
எங்களுக்குள் ஒரு சாஸ்திரம்.
பழைய சேனையைப் புதிதாக வாங்கியவனுக்கு
அது பொருந்துமா?
பகடை யோசிக்கவேயில்லை. ஒன்று, ஒன்று, இரண்டு.
மூன்றாம் பட்டாளம் பாலத்துக்கருகே சிதறியது,
ஒவ்வொருவனாக மேசையிலிருந்து எடுத்தேன்.

"செத்தவனையெல்லாம்
எதற்குக் கவிழ்த்துப் பார்க்கிறாய்?" என்றான் எவ்ரார்,
பகடையை உள்ளங்கையில் உருட்டியபடி.

"எண் சரிபார்க்கிறேன்" என்றேன்.